சிவப்பு கிளிப், பச்சை கிளிப்

அவர் பையில் துணி கிளிப் நாற்பது இருக்கும். பாதி சிவப்பு, பாதி பச்சை. துணி காயப்போட அல்ல. ஒயரில் மாட்ட.

ஒரு வீட்டுக்குள் வந்தால் முதலில் போன் ஒயர் தென்படுகிற இடத்திலெல்லாம் சிவப்பு கிளிப் மாட்டுவார். சிவப்பு என்றால் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். பிறகு ஒவ்வொரு ஒயராகக் கையில் பிடித்துக்கொண்டு அது முடிகிற இடம்வரை போவார். கட்டிலுக்கு அடியில் போனால் குனிந்து போவார். சுவரில் ஏறினால் ஏணி வைத்து ஏறுவார். முடிகிற இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகு சிவப்பைக் கழற்றிப் பச்சையை மாட்டுவார். எல்லாம் பச்சையாகும்வரை அந்த வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

பேர் வேண்டாம். ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்கோவிலிலும் லைன்காரம்மா என்றால் தெரியும். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணே என்பார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர்.

நான் வீட்டு ஒயரிங் செய்கிறவன். எட்டாவதோடு நின்றவன். அவர் ஒரு காண்டிராக்டரிடம் வேலை பார்த்தார். போன் வருகிற செம்புக் கம்பியிலேயே இன்டர்நெட்டும் வந்த சமயம். கம்பத்திலிருந்து வீட்டுக்குள் மோடம்வரைக்கும் அவர் வேலை. பொன்மலையிலிருந்து மொபெட்டில் வருவார். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை. வண்டியின் பக்கவாட்டில் ஏணி கட்டியிருக்கும். காவிரிப் பாலத்தில் காற்று அடித்தால் ஏணி வண்டியை ஒரு பக்கமாக இழுக்கும். அவர் மறுபக்கம் சாய்ந்து ஓட்டுவார். பாலத்தின் அந்தக் கோடியில் வரும்போதே ஆள் தெரியும்.

பேச்சு குறைவு. அடிக்கடி கேட்பது ஒரு கேள்விதான்.

"பாத்தீங்களா, நினைச்சீங்களா?"

முதலில் அதைக் கேட்டது தில்லை நகரில், ஒரு டாக்டர் வீட்டில். நெட் ஊர்கிறது, ஒரு ஸ்கேன் படம் இறங்க அரை மணி நேரம் ஆகிறது என்று டாக்டருக்குக் கோபம். கரண்டில் ஏதாவது இருக்கும் என்று என்னையும் வரச்சொல்லியிருந்தார். லைன்காரம்மாவைப் பார்த்ததும், மோடம் போய்விட்டது, வேறு கொடுத்துவிடுங்கள் என்றார்.

"பாத்தீங்களா, நினைச்சீங்களா?"

டாக்டரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நினைத்ததுதான் என்றார்.

லைன்காரம்மா எல்லாவற்றையும் கழற்ற ஆரம்பித்தார். ஹால் போன், மாடிப் போன், கீழே கிளினிக் போன். பிறகு டிவி. அதற்கப்புறம் மீன் தொட்டியின் பிளக். டாக்டர் வீட்டம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"மீன் தொட்டிக்கும் நெட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"தெரியலைங்க. அதான் கழட்டுறேன்."

கடைசியில் ஒரு மோடம் மட்டும் மிச்சம். அப்போதும் ஊர்ந்தது. வீட்டில் மூன்று போன்தான், மூன்றையும் கழற்றியாயிற்று, இனி மோடத்தைத் தவிர என்ன என்று டாக்டர் கேட்டார். சிவப்பு கிளிப் மாட்டிய ஒரு ஒயர் மிச்சம் இருந்தது. லைன்காரம்மா அதைப் பிடித்துக்கொண்டு போனார். அது கதவு நிலைக்கு மேலே ஏறிப் பரணுக்குள் போயிற்று. ஏணி வைத்து ஏறினார். வெண்கலப் பானைக்குப் பின்னால் ஒரு கறுப்புப் போன் கிடந்தது. டாக்டரின் அப்பா பேசியது. யாரோ தூக்கிப் பரணில் போட்டார்கள். ஒயரைப் பிடுங்கவில்லை.

போனும் நெட்டும் ஒரே கம்பியில் வருபவை. இரண்டையும் பிரிக்க ஒவ்வொரு போனுக்கும் முன்னால் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். பரண் போனுக்கு அது இல்லை. படுத்த இடத்திலிருந்தே வீட்டு நெட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

பிடுங்கினார். படம் இறங்கியது. டாக்டர் இரண்டு முறை இறக்கிப் பார்த்தார். லைன்காரம்மா மீன் தொட்டியின் பிளக்கைத்தான் முதலில் திரும்பச் சொருகினார்.

மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில். வேகம் போதவில்லை என்று முதலாளி பெரிய பிளானுக்கு மாறியிருந்தார். அப்போதும் அதே வேகம். மூட்டைகளுக்குக் கீழே ஒயர் போகவில்லை என்று மில் மேனேஜர் அடித்துச் சொன்னார். கேள்வி வந்தது. மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி லோடுமேன்களைக் கூப்பிட்டார். அறுபது மூட்டை நகர்ந்தது. அடி வரிசைக்குக் கீழே ஒயர் அப்பளம் மாதிரி தட்டையாகக் கிடந்தது. லோடுமேன் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இவ்வளவு பாரத்தை வச்சா நாங்களே நடக்க மாட்டோம், நெட்டு எங்கேர்ந்து நடக்கும்?" என்றார்.

பொன்மலையில் அவர் போகிற சர்ச்சில் ஃபாதரையும் விடவில்லை. மழை பெய்தால்தான் போன் இரைகிறது என்று ஃபாதர் சொன்னாராம். இவர் கேட்டாராம். ஃபாதர் சிரித்துவிட்டு, "என் வேலையில இந்தக் கேள்வியைக் கேட்டா பிழைக்க முடியாதும்மா" என்றாராம். இதை லைன்காரம்மாவே சொன்னார். அவர் சொன்ன ஒரே தமாஷ் இதுதான்.

எனக்கு அவரை முதலில் பிடிக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

திருவானைக்கோவிலில் ஒரு வீட்டில் இருவரும் ஒரே சமயம் வேலை. நான் சுவிட்ச் பெட்டியைத் திறந்து டெஸ்டரை வைத்தேன். விளக்கு எரியவில்லை. கரண்ட் இல்லை என்று சொல்லிவிட்டுக் கையை வைக்கப் போனேன். அவர் ஏணியில் நின்றபடி கேட்டார்.

"டெஸ்டர் எரியுதான்னு பாத்தீங்களா?"

பக்கத்து அறைக்குப் போய், மின்விசிறி ஓடுகிற பாயிண்டில் டெஸ்டரை வைத்தேன். அங்கேயும் எரியவில்லை. டெஸ்டர்தான் செத்திருந்தது. பெட்டியில் கரண்ட் இருந்தது.

வீட்டுக்காரர் எதிரில் நடந்தது. அவர் மேல் கோபம்தான் வந்தது. நன்றி வரவில்லை. புது டெஸ்டர் வாங்கினேன். அதற்கப்புறம் அவர் வண்டி நிற்கிற வீட்டில் வேலை என்றால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிடுவேன். மூன்று நான்கு மாதம் அப்படி ஓடியது.

பிறகு ஸ்ரீரங்கத்து வீடு.

அந்த வீட்டுக்காரரை மாமா என்றுதான் கூப்பிடுவோம், அவர் மனைவியை மாமி என்று. மாமாவுக்குச் சமையல் தொழில். விசேஷ வீடுகளுக்குத் தளிகை செய்து அனுப்புவார். மாமியும் கூட நின்று செய்வார். தினம் காலை பத்து மணிக்குப் பெரிய கிரைண்டர் ஓடும். செய்ததைப் பெருமாளுக்குப் படைக்கும்வரை வெளியாள் யாரும் சமையலறைக்குள் போக முடியாது. படைத்து முடிய மணி பன்னிரண்டு ஆகும். அந்த வீட்டு வழக்கம் அது. நானும் தெரிந்துதான் வேலை செய்தேன். அந்த வீட்டு ஒயரிங் என்னுடையது.

அவர்கள் மகளை நாங்கள் டீச்சர் என்போம். கணக்கு டீச்சர். கல்யாணம் சரிப்படாமல் ஐந்து வயதுப் பெண் குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்தவர். ஆஸ்திரேலியாவில் இருக்கிற பிள்ளைகளுக்கு நெட்டில் கணக்கு நடத்த ஒரு கம்பெனி அவரை எடுத்திருந்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் உறுதி செய்வார்கள். வகுப்பு நம்மூர் நேரம் பத்தரைக்கு. அங்கே பிள்ளைகள் பள்ளி விட்டு வந்திருப்பார்கள். வகுப்பு நடக்கும்போதே லைன் அறுந்துவிடும். வரும், மறுபடி அறும்.

கம்பெனி கடைசியாக எழுதிவிட்டது. வெள்ளிக்கிழமை வகுப்பில் மேலாளரும் இருப்பார். அன்று அறுந்தால் வேலை கிடையாது.

மாமி என்னிடம் சொன்னார்: "அவ கால்ல அவ நிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

பார்க்க ஆட்கள் வராமல் இல்லை. காலையில் வந்தவர்கள் முன்னறையைத் தாண்டவில்லை. மதியம் வந்தவர்கள் எல்லா அறையும் பார்த்தார்கள், கோளாறைப் பார்க்கவில்லை. மதியத்தில் லைன் ஒழுங்காக ஓடும். ஒருவர் மோடத்தை முன்னறைக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். அங்கேயும் அறுந்தது. அப்படியானால் வெளி லைன்தான் என்றார். கம்பம் ஏறியவர், வெளி லைன் சுத்தம், வீட்டு ஒயர்தான் என்றார்.

மாமா எனக்குப் போன் செய்தார். என் ஒயரில் ஒன்றும் இருக்காது என்று சொல்வதற்காகவே திங்கட்கிழமை போனேன். வாசலில் ஏணி கட்டிய மொபெட் நின்றது. திரும்பிப் போகலாம் என்று நினைத்தேன். மாமா பார்த்துவிட்டார்.

மதியம் வந்தால் உள்ளே எல்லாம் பார்க்கலாம் என்று லைன்காரம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். கோளாறு இருக்கிற நேரத்தில்தான் வருவேன் என்று ஒன்பதே முக்காலுக்கு வந்துவிட்டார்.

முன்னறையில் ஒரு பெட்டி. தெருக் கம்பத்திலிருந்து வருகிற ஒயர் அதில் முடிகிறது. அதிலிருந்து இன்னொரு ஒயர் கிளம்பிப் பக்கத்துச் சந்துச் சுவர் வழியாகப் பின்னால் போகிறது. சமையலறைச் சுவருக்குள் நுழைந்து அங்கிருந்து மாடி அறைக்கு ஏறுகிறது. மாடி அறையில்தான் டீச்சரின் வகுப்பு. முன்னறையில் மோடத்தை வைத்தால் மாடிக்கு சிக்னல் எட்டாது. நடுவே இருப்பதெல்லாம் ஒன்றரையடிச் சுவர்.

இரண்டு ஒயருக்கும் சிவப்பு மாட்டினார். மோடத்தை முன்னறைப் பெட்டியில் சொருகினார். உட்கார்ந்தார்.

பத்து அடித்துக் கொஞ்ச நேரத்தில் உள்ளே கிரைண்டர் ஓடத் தொடங்கியது. மோடத்தில் ஒரு விளக்கு அணைந்தது.

அவர் பெட்டியைத் திறந்து மாடிக்குப் போகிற ஒயரைக் கழற்றினார். விளக்கு எரிந்தது. நின்று எரிந்தது. மறுபடி மாட்டினார். அணைந்தது. கழற்றினார், எரிந்தது. மூன்று முறை செய்தார். டீச்சர் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை யாரும் செய்யவில்லை. மோடத்தை மட்டும் முன்னால் கொண்டுவந்தார்கள். பின்னால் போகிற ஒயரைப் பெட்டியிலேயே விட்டுவிட்டார்கள். அது பின்கட்டு இரைச்சலை முன்னறைவரை இழுத்துவந்து போட்டிருக்கிறது.

கம்பத்து ஒயருக்குப் பச்சை மாட்டினார். சமையலறைக்குள் பார்க்க வேண்டும் என்றார். மாமி உள்வாசலில் நின்று கை கூப்பினார்.

"பெருமாள் அமுது செய்யாம உள்ள விடறதில்லேம்மா. தப்பா நினைச்சுக்காதீங்கோ."

"நான் எதையும் நினைக்கிறதில்லைங்க மாமி. வெளியிலேர்ந்து பாத்துக்கிறேன்."

பையிலிருந்து ஒரு சின்ன ரேடியோவை எடுத்தார். ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்தார். உஸ்ஸென்று மட்டும் கேட்டது. என்னையும் வரச்சொன்னார். சந்து இரண்டடி அகலம். பக்கவாட்டில்தான் நடக்க முடியும். அவர் முன்னால், நான் பின்னால். ரேடியோவைச் சுவரை ஒட்டி நகர்த்திக்கொண்டே போனார். பாதிச் சுவர்வரை உஸ். ஒயர் சமையலறைக்குள் நுழைகிற ஓட்டையருகில் வந்ததும் கடுகு வெடிக்கிற மாதிரி படபடவென்றது. கையை மேலே தூக்கினார். சுவருக்குள் ஒயர் ஏறுகிற வழி முழுக்கப் படபட. ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் அடங்கியது. கிரைண்டரை நிறுத்தச் சொல்லி மாமாவுக்குக் குரல் கொடுத்தார். நின்றது. ரேடியோவும் அடங்கியது. ஓடச் சொன்னார். படபட.

"கிரைண்டர் ஒயரும் போன் ஒயரும் ஒரே குழாய்ல போகுது அண்ணே."

"இல்ல. தனித்தனிக் குழாய். நான் போட்டது."

அவர் ரேடியோவை நிறுத்தினார்.

"பாத்தீங்களா, நினைச்சீங்களா?"

ஆறு வருஷத்துக்கு முந்தைய காலை அது. மாடி அறைக்குப் போன் ஒயர் இழுத்தேன். வெளிச்சுவரில் மேலே கொண்டுபோனால் குரங்கு அறுத்துவிடும் என்று உள்ளே விட்டோம். சமையலறைச் சுவரில் நானே இரண்டு குழாய் பதித்திருந்தேன், ஒன்று கரண்டுக்கு, ஒன்று காலி. ஆனால் போன் ஒயர் இழுத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் பெருமாளுக்குப் படைத்துவிடுவார்கள், போகலாம். எனக்குத் தில்லை நகரில் அடுத்த வேலை இருந்தது. சந்தில் நின்று ஓட்டை வழியாக ஒயரைத் தள்ளினேன். உள்ளே மாமா வாங்கிக் குழாயில் விட்டார். எந்தக் குழாய் மாமா என்று கேட்டேன். காலிக் குழாய்தான் என்றார். மாடியில் ஒயர் வந்தது. போனை மாட்டினேன். மணி அடித்தது. போய்விட்டேன்.

"நினைச்சேன்" என்றேன்.

தலையை மட்டும் ஆட்டினார். வேறு யாராக இருந்தாலும் ஒரு வார்த்தை குத்தியிருப்பார்கள். சந்துச் சுவரில் முதுகைச் சாய்த்தபடி தன் கணவரைப் பற்றிச் சொன்னார். அதற்கு முன் சொன்னதில்லை.

அவரும் கம்பம் ஏறுகிறவர். ஒரு நாள் பக்கத்தில் போகிற கரண்டுக் கம்பியை நிறுத்தியாயிற்று என்று கீழே நின்றவர் சொன்னார். ஏறினார். கம்பியில் கரண்ட் இருந்தது, உயிர் மட்டும் தப்பியது. வலது கை மடங்கிப் போயிற்று. அந்த வேலையைத்தான் இவர் கேட்டு வாங்கிச் செய்கிறார். வீட்டில் சமையல் அவர். இடது கையால் வெங்காயம் நறுக்குவாராம், இவரைவிட வேகமாக.

"சொன்னவர் பொய் சொல்லல அண்ணே. நிறுத்தியிருப்பாங்கன்னு நினைச்சார்."

அவ்வளவுதான். ரேடியோவைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

பன்னிரண்டரைக்கு மாமி கூப்பிட்டார். உள்ளே போனோம். சுவர்ப் பெட்டியின் மூடியை நானே திறந்தேன். ஒரே குழாயில் சிவப்புக் கரண்டு ஒயரும் சாம்பல் நிறப் போன் ஒயரும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு கிடந்தன. கிரைண்டரின் பிளக் பாயிண்ட் தளர்ந்து உள்ளே கரியாகியிருந்தது. மோட்டார் ஓடும்போதெல்லாம் பொறி பறந்திருக்கிறது. அந்தப் பொறியின் இரைச்சல்தான் பக்கத்து ஒயரில் ஏறியது. இன்னொரு குழாயில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சிலந்தி வலை மட்டும் இருந்தது.

மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். வேலை தெரிந்த ஆள் என்று நம்பினேன், பெண்ணின் பிழைப்பே போயிருக்குமே என்றார். 

மாமிதான் குறுக்கே பேசினார்: "அவரை ஏன் சொல்றேள்? உள்ள விடாதது நான். இழுத்து விட்டது நீங்க."

லைன்காரம்மா சிவப்பு கிளிப்பைக் கழற்றி என் சட்டைப் பையில் மாட்டினார். அந்த ஒரு முறைதான் அவர் என்னைக் கேலி செய்தது. டீச்சர் சிரித்துவிட்டார். நானும்.

செவ்வாயும் புதனும் வேலை. போன் ஒயரைச் சமையலறைப் பக்கமே விடவில்லை. சந்துச் சுவரில் நேராக மாடி ஜன்னலுக்கு ஏற்றினோம். குரங்கு கடித்தாலும் தாங்குகிற கனத்த குழாய்க்குள் விட்டேன். அவர் ஏணியில் மேலே, நான் கீழே. குரங்கு ஒன்று எதிர்ச் சுவரில் உட்கார்ந்து இரண்டு நாளும் மேற்பார்வை பார்த்தது. கிரைண்டருக்குப் புதுப் பாயிண்ட் போட்டேன். ஒவ்வொரு முனையையும் கண்ணால் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. நானே பார்த்தேன்.

வியாழக்கிழமை கிரைண்டரை ஓடவிட்டு ஒரு மணி நேரம் டீச்சர் குழந்தையோடு வகுப்பு மாதிரி பேசிப் பார்த்தார். ஒரு முறைகூட அறவில்லை. முன்பு காலையில் ஊர்ந்த நெட் மதியம் மாதிரியே ஓடியது. எல்லா கிளிப்பும் பச்சை. மாடி மேசையில் மோடத்துக்குப் போகிற ஒயரில் மட்டும் சிவப்பு.

அதையும் மாற்றிவிடலாமே என்று டீச்சர் கேட்டார்.

"வகுப்பை இன்னும் பாக்கலையே டீச்சர்."

வெள்ளிக்கிழமை காலை போனால் வீட்டில் பேச்சு தடித்திருந்தது. அன்று எண்பது இலைக்கு ஆர்டர். உளுந்து ஊறிக்கொண்டிருந்தது. மாமி கிரைண்டரைத் தொடவே மாட்டேன் என்றார். வகுப்பு முடிந்து பதினொன்றரைக்கு அரைத்தால் எப்போது வடை தட்டுவது என்று மாமா கேட்டார். பெண்ணைவிட வடை பெரிதா என்று மாமி கேட்டார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

லைன்காரம்மா உள்வாசலுக்கு இந்தப் பக்கமே நின்று கேட்டார். பிறகு சொன்னார்.

"நேத்து பாத்தோம் மாமி, அறுந்துபோகலை. இன்னிக்கு அறுந்துடும்னு நினைக்கிறீங்க. இன்னிக்கு நிறுத்தினா தினம் நிறுத்தணும். உங்களுக்கும் வேலை இருக்கு, டீச்சருக்கும் வேலை இருக்கு."

மாமி படியைப் பார்த்தார். டீச்சர் புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றிருந்தார். கையில் பேனா. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"ஓடட்டும்மா," என்றார். மாடி ஏறிவிட்டார்.

பத்தரை. டீச்சர் வணக்கம் சொல்வது கதவு வழியாகக் கேட்டது. நான் மாடி நடையில் உட்கார்ந்து கதவிடுக்கு வழியாக மோடத்தின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கிரைண்டர் இரைந்தது. லைன்காரம்மா கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் விளக்கைப் பார்க்கவில்லை. அங்கிருந்து தெரியாது.

பத்து ஐம்பதுக்கு கிரைண்டர் நின்றது. மாமா மாவைத் தள்ளிவிடுகிறார் என்று புரிந்தது. இனித் திரும்ப ஓடவிடுவார். ஓடத் தொடங்குகிற அந்த நொடியில்தான் பொறி அதிகம். முன்பெல்லாம் அப்போதுதான் அறும்.

கிரைண்டர் இரைந்தது.

விளக்கு எரிந்தது. உள்ளே டீச்சர், ஏழில் மூன்று போனால் எவ்வளவு என்று இங்கிலீஷில் கேட்டார். ஏதோ ஒரு ஊரில் ஒரு பிள்ளை நாலு என்றது. தெளிவாகக் கேட்டது. எனக்கே கேட்டது.

பதினொன்றரைக்கு வகுப்பு முடிந்தது. ஒரு முறையும் அறவில்லை. டீச்சர் உடனே வெளியே வரவில்லை. மாமி உள்வாசலில் வந்து நின்றார், கையெல்லாம் மாவு. மாமா பின்னால். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"வேலை உறுதியாயிடுத்தும்மா," என்றார் டீச்சர்.

மாமி மாவுக் கையோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். மாமா ரங்கா ரங்கா என்றார். லைன்காரம்மா மட்டும் எழுந்து நின்று மேலே பார்த்தார்.

"பாத்தீங்களா டீச்சர், நினைச்சீங்களா?"

டீச்சர் ஒரு நொடி விழித்தார். பிறகு சிரித்துக்கொண்டே படி இறங்கி வந்து போனை நீட்டினார். மேலாளர் எழுதியிருந்தது. இங்கிலீஷ். எனக்குப் படிக்க வராது. லைன்காரம்மா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். அடியில் இருந்த பேர்வரை படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாடி ஏறினார். நானும் பின்னால் போனேன். மேசையில் இருந்த சிவப்பைக் கழற்றினார். பையில் தேடிப் பச்சையை எடுத்து மாட்டினார். சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

இப்போது அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் ஃபைபர் என்கிற கண்ணாடி ஒயர். டீச்சர் இன்னும் அதே கம்பெனியில்தான். லைன்காரம்மா மகன் வேலை பார்க்கிற ஊருக்குப் போய்விட்டார். அங்கேயும் ஏணியோடு சாய்ந்து ஓட்டுகிறார் என்று நினைக்கிறேன். பார்க்கவில்லை.

அன்று கீழே இறங்கியதும் மாமி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். ஆனால் பெருமாளுக்கு இன்னும் படைக்கவில்லை, ஒரு மணி நேரம் ஆகும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்குத் தில்லை நகரில் வேலை இருந்தது. போன் செய்து மதியத்துக்கு மேல் வருகிறேன் என்று சொல்லிவிட்டு முன்னறையில் உட்கார்ந்தேன்.

லைன்காரம்மாவும் உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"தண்ணி குடுங்க மாமி," என்றார்.

ஒரு பெரிய சொம்பு நிறைய வந்தது. அண்ணாந்து, நிறுத்தாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார்.